பட்டத்து நாயின் எலும்பு

ஜமீன்தார் ஒருவர், கன்றுக்குட்டி அளவு வளர்ந்த தம் நாய்க்குப் பட்டமே சூட்டிவிட்டார். விருந்து முடிந்ததும் காரியஸ்தர் வீரபாகு, நாய்க்காரன் மாசாணத்திடம் பொரித்த கோழியெலும்பை நீட்டினார்.

"போடுடா. மறுத்தா வேலை போயிடும்!"

வெந்த எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும் என்பதை மாசாணம் அறிவான்.

"போடுறேன் ஐயா. பட்டம் கட்டினவங்க சாப்பாட்டைக் காரியஸ்தர் முதல்ல ருசிபார்க்கிறதுதானே அரண்மனை வழக்கம்?"

அங்கேயே உட்கார்ந்திருந்த ஜமீன்தார் ஆமெனத் தலையசைத்தார். வேறு வழியின்றிக் கடித்த வீரபாகுவின் ஈறில் சிம்பு ஏறியது. கதை சொல்வோரில் அது கோழியெலும்பு என்பாரும் வாத்தெலும்பு என்பாரும் உண்டு. அலறலில் மட்டும் கருத்து வேறுபாடே இல்லை.

"இதையா என் பிள்ளைக்குப் போடச் சொன்னீர்?" என்ற ஜமீன்தார், "நீயே நல்லதாக் கொண்டா, மாசாணம்" என்றார்.

நாயின் வாய்க்குள் அடங்காத, வேகவைக்காத மாட்டு மூட்டெலும்பு ஒன்றை அவன் கொண்டுவந்தான்.

"அதையும் நான்தான் கடிக்கணுமா?" என்றார் வீரபாகு, கன்னத்தைப் பொத்தியபடி.

"வேணாங்கய்யா. பட்டத்துக்காரரே முந்திக்கிட்டார்!"