பெருச்சாளி அடைத்த வாசல்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் தெருவில் ஜெபமாலை சொல்ல வரும் மரியபுஷ்பம் அக்கா. போன தவக்காலத்தில் சொன்னார். என் கைப்பேசி தானாகவே எதையோ மாற்றிக்கொண்டு, 'சில குறைகள் சரிசெய்யப்பட்டன' என்று மட்டும் காட்டியது. என்ன குறை, எங்கே சரிசெய்தார்கள் என்று தேடித் தேடி அலுத்துப் போயிருந்தேன். அப்போதுதான் சொன்னார்.

ஒரு வயல் வரப்புக்குள் எலிகள் கூட்டமாக வாழ்ந்தன. அந்த வளையைப் பழுதுபார்ப்பது ஒரு பெருச்சாளியின் வேலை. நல்ல உழைப்பாளிதான். ஆனால் வேலை முடிந்ததும் எப்போதும் ஒரே பேச்சுதான்.

"வளையில் சில திருத்தங்கள் செய்திருக்கிறேன்! இனி எல்லாம் முன்னைவிட நன்றாக இருக்கும்!"

கண் திறக்காத குட்டிகளோடு இருந்த தாய் எலி கேட்டது: "எந்தப் பக்கம் திருத்தினீங்க அண்ணே?"

"அங்கங்கே சின்னச் சின்ன வேலை, தங்கச்சி."

"அங்கங்கேன்னா எங்கே?"

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்! விவரம் சொன்னா ஆளுக்கொரு கேள்வி கேட்பீங்க. எனக்கு வேலை கிடக்கு!"

பக்கத்து எலி சிரித்தது. "விடு அக்கா! போன தடவையும் இதையேதான் சொன்னார். கேட்டுக் கேட்டு என் காதே தேஞ்சுபோச்சு!"

தாய் எலிக்கும் அலுப்புதான். பெருமூச்சு விட்டுவிட்டுக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கப் போனது.

உண்மையில் அந்தத் தடவை நடந்தது சின்ன வேலை அல்ல. மழைத் தண்ணீர் ஏறுகிறது என்று பெருச்சாளி பின்வாசலையே அடைத்துவிட்டது. நண்டு வளைக்குப் பக்கத்தில் புது வாசல் தோண்டியிருந்தது.

மறுநாள் வெயில் ஏறும் வேளையில் முன்வாசல் வழியாக ஒரு சாரைப்பாம்பு தலையை நீட்டியது.

"பாம்பு! பாம்பு!"

எலிகள் வளைக்குள் பார்த்துப் பார்த்து ஓடுவதில்லை. மீசை சுவரில் உரச, பழகிய வழியிலேயே ஓடும். தாய் எலி ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு பின்வாசலுக்குப் பாய்ந்தது. மூக்கு மண்ணில் மோதியது. வழி இல்லை!

எங்கிருந்தோ பெருச்சாளி கத்தியது: "இடது பக்கம் போ, தங்கச்சி! நண்டு வளைகிட்ட புது வாசல் இருக்கு!"

தாய் எலி தடவித் தடவிப் போய் அந்தக் குட்டியை வெளியே சேர்த்தது. மற்ற குட்டிகளை எடுக்கத் திரும்பி ஓடியது. கூடு காலியாக இருந்தது.

பாம்பு போன பிறகு பெருச்சாளி தலைகுனிந்து வந்தது. "தண்ணி வந்துடக் கூடாதுன்னுதானே அடைச்சேன்..."

"அடைச்சது நல்லதுதான் அண்ணே. அதை நான் குறை சொல்லலே." தாய் எலிக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "பாம்பு வந்தப்போ கத்தினீங்களே, அந்த ஒரு வார்த்தையை நேத்தே சொல்லியிருக்கலாமே?"

தாய் எலி மிஞ்சிய குட்டியை நக்கிக் கொடுத்தபடி கண்ணை மூடிக்கொண்டது.

மாற்றத்தை நல்லதாகச் செய்தால் மட்டும் போதாது, என்ன மாறியது என்று விளங்கும்படி சொன்னால்தான் அது நல்லதாகும்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் ஒரு மருந்து டப்பாவை இடம் மாற்றி வைத்தால்கூட, எங்கே வைத்தீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.