முழுங்கின இருமல்

"பீடியை ஒன்பது தடவை விட்டேன் தாயே. அது என்னை ஒரு தடவைகூட விடலை."

சொல்லி வாய் மூடுமுன் மாசானத்துக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. சாமியம்மா முன்னால் இருமலாமா? தோள்துண்டை வாயில் அடைத்து, கண் பிதுங்கப் பிதுங்க அடக்கினார்.

சாமியம்மா அவரைவிட இருபது வயது இளையவள். மலையடிவாரத்தில் ஓர் ஓலைக்குடிசை, ஒரு தண்ணீர்ப் பானை. அவ்வளவுதான் அந்தத் துறவியின் சொத்து.

"டாக்டர் என்ன சொன்னார் அண்ணாச்சி?"

"நுரையீரல் பாதி போச்சாம். இன்னைக்கே நிறுத்தினா மிச்சத்தை வச்சு ஓட்டலாம், இல்லேன்னா அடுத்த பொங்கல் சந்தேகம்னுட்டார். எனக்குச் சாகப் பயமா இருக்கு தாயே."

"முதல் பீடியை யார் கொடுத்தா?"

மாசானம் யோசிக்கவே இல்லை.

"எசக்கி. என் கூட்டாளி. எங்களுக்குப் பதினாறு வயசு. கோயில் கொடைத் திருவிழா அன்னைக்கு, பந்தலுக்குப் பின்னால வச்சு நீட்டினான். அந்தப் படுபாவி மட்டும் நீட்டாம இருந்திருந்தா!"

"மடியில வச்சிருக்கிற பீடியை அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டு வாங்க."

ஒற்றைப் பீடியையும் நாற்பது வருஷக் கோபத்தையும் எடுத்துக்கொண்டு மாசானம் பஸ் ஏறினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே போனார்.

எசக்கி வீட்டு வாசலில் கால் வைத்ததும் நாலு கேள்வியும் மறந்துபோயிற்று.

எசக்கி கட்டிலில் கிடந்தார். தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் போட்டிருந்த ஓட்டை வழியாக மூச்சு கீச்சுக் கீச்சென்று போய்வந்தது. எழுதிப் பேச, பக்கத்தில் ஒரு சிலேட்டு.

மாசானத்துக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் வந்த காரியம் இருக்கிறதே. பீடியை எடுத்து நீட்டினார்.

"ஏலே எசக்கி, அன்னைக்கு இதை எதுக்குலே எனக்குக் கொடுத்தே?"

எசக்கி பீடியை வெகுநேரம் பார்த்தார். பிறகு சிலேட்டில் எழுதினார்.

'எனக்கும் அதுதான்டா முதல் பீடி. தனியாப் பிடிக்கப் பயம்.'

"பொய் சொல்லாதே! பழகினவன் மாதிரில்லா இழுத்தே? உனக்கு ஒரு இருமல்கூட வரலையே!"

எசக்கி உள்ளங்கையால் எழுத்தை அழித்தார்.

'வந்துச்சு. நீ சிரிப்பியோன்னு முழுங்கிட்டேன்.'

மாசானம் பீடி நீட்டின கையை மடக்கிக்கொண்டார்.

மறுநாள் மலையடிவாரத்துக்குத் திரும்பி வந்தபோது அந்தப் பீடி அவர் கையிலேயே இருந்தது.

"கொடுக்கலையா அண்ணாச்சி?"

"யார்கிட்டக் கொடுக்க தாயே? அவன் சிரிப்பானேன்னு நானும்தான் அன்னைக்கு முழுங்கினேன்."

சொல்லும்போதே இருமல் கிளம்பியது. பழக்கதோஷம், கை துண்டைத் தேடியது.

சாமியம்மா துண்டை உருவிக்கொண்டாள்.

"இருமுங்க அண்ணாச்சி."