முதல் வரிசைத் தண்ணீர்

மொட்டைப்பாறைக் குன்றில் கந்தப்பன் என்ற உடும்பு வாழ்ந்தது. அது பிடித்தால் பிடித்ததுதான். சடுகுடு ஆட்டத்தில் அதன் பிடியில் சிக்கியவர் யாரும் திரும்பிப் போய்க் கோட்டைத் தொட்டதில்லை. இருந்தும் குன்று அணி பன்னிரண்டு ஆண்டுகளாக ஜெயித்ததே இல்லை.

அந்தக் காட்டில் சடுகுடு வெறும் விளையாட்டு அல்ல. கோடையில் குளம் வற்றிவிடும். மிஞ்சுவது ஒரே ஓர் ஊற்று. அதனால் பங்குனி பிறந்ததும் குன்று, மூங்கில்காடு, ஆற்றுப்படுகை ஆகிய மூன்று பக்கத்து விலங்குகளும் சடுகுடு ஆடும். அணிக்கு நான்கு பேர். ஜெயித்த பக்கம் கோடை முழுதும் விடியலில் முதலில் குடிக்கும். இரண்டாவதாக வந்த பக்கம் அதன் பிறகு குடிக்கும். தோற்ற பக்கத்தின் முறை வருவதற்குள் ஊற்று கலங்கிச் சேறாகிவிடும்.

குன்றின் குட்டிகள் பிறந்ததிலிருந்து அந்தச் சேற்றைத்தான் குடித்தன. போன கோடையில் மான்குட்டி அதைக் குடித்துவிட்டு இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. கந்தப்பனுக்குச் சொந்தக் குடும்பம் கிடையாது. மான்குட்டி, முயல்குட்டி, கீரிக்குட்டி துரும்பன் மூன்றும் அதன் குகையில்தான் படுத்துக்கொள்ளும். அவை மூன்றும் கந்தப்பனும் சேர்ந்ததுதான் குன்று அணி.

"அடுத்த கோடையில நீங்க தெளிஞ்ச தண்ணி குடிப்பீங்க" என்று கந்தப்பன் அன்று சொன்னது. சொன்னதை அது மறக்கவில்லை.

மாசி மாதம் அது ஓடையைத் தாண்டி மூங்கில்காட்டுக்குப் போனது. அங்கே அணித் தலைவி பேச்சியம்மா என்ற காட்டுப்பன்றி. போன ஆண்டு ஜெயித்தது அவளுடைய அணிதான்.

"வா கந்தப்பா. ஆள் மாத்தவா வந்தே?" என்று கேட்டாள் பேச்சியம்மா.

போட்டிக்கு முன் ஆள் மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம். வளர்ந்த ஆட்டக்காரர்கள் போட்டி முடியும்வரை வந்து ஆடிவிட்டுப் போவார்கள். குட்டிகள் அப்படியில்லை. வளர்க்கும் பக்கத்துக்கே அவை சொந்தம். ஓடையைத் தாண்டிய குட்டி திரும்பி வராது.

"உன் ஓநாயும் கருங்குரங்கும் வேணும், அக்கா."

"ரெண்டும் கிழடு தட்டிப்போச்சே."

"இந்த வருஷத்துக்குத் தாங்கும். அது போதும்."

"பதிலுக்கு?"

கந்தப்பன் ஓடைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு, "மான்குட்டியும் முயல்குட்டியும்" என்றது.

பேச்சியம்மா சிரிக்கவில்லை. "உள்ளதைச் சொல்றேன், கேளு. போன தடவை நீ ஒரே ஒரு புள்ளியிலதான் தோத்தே. அந்தக் குட்டிங்க இன்னும் ரெண்டு வருஷத்துல யாரையும் ஜெயிக்கும்."

"அதை ஏன் எங்கிட்டயே சொல்றே?" என்று கேட்டது கந்தப்பன்.

"பின்னால நீ வருத்தப்படக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"எனக்கு ரெண்டு வருஷம் பொறுமை இல்லை, அக்கா. வருஷா வருஷம் சேறு குடிக்கிறோம்."

மறுநாள் மான்குட்டி ஓடையைத் தாண்டியது. அதன் பின்னாலேயே தாய்மானும் நடந்தது.

"நீ எங்கே போறே?" என்று கந்தப்பன் கேட்டது.

"குட்டியை அனுப்பிட்டு நான் மட்டும் இங்க எதுக்கு?" என்றது தாய்மான்.

முயல்குட்டியோடு அதன் வீட்டார் ஒன்பது பேரும் போனார்கள். குன்றின் புல்வெளி ஒரே காலையில் காலியானது. அங்கே மிஞ்சியது கந்தப்பனும் துரும்பனும்தான்.

ஓநாயும் கருங்குரங்கும் வந்து சேர்ந்தன. குரங்கு வந்ததும் கூலி பேசியது.

"எனக்குத் தினம் நாற்பது அத்திப்பழம் வேணும். தூங்க குகை வேணும்."

"குகையை எடுத்துக்கோ. ஆனா குன்றுல ஒரே ஒரு அத்தி மரம்தான். தினம் இருபது பழம் விழுந்தாலே பெரிசு."

"அப்ப பாதி ஆட்டம்தான் ஆடுவேன்."

கந்தப்பன் மறுபடியும் மூங்கில்காட்டுக்கு ஓடியது. பேச்சியம்மா நிதானமாகக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள்.

"மீதி இருபது பழத்தை நான் தர்றேன். நாலாவது ஆளா ஒரு காட்டுப்பூனையையும் அனுப்புறேன். அந்தக் கீரிக்குட்டியைக் கொடு" என்றாள்.

"துரும்பனையா? அது முடியாது."

"சரி. குரங்கு பாதி ஆட்டம் ஆடட்டும்."

கந்தப்பன் திரும்பி நடந்தது. பாதி வழியில் நின்றது. மறுபடி பேச்சியம்மாவிடம் வந்து தலையாட்டியது.

குன்றுக்கு வந்து துரும்பனிடம் சொன்னபோது, அது வாலை மடித்து உட்கார்ந்தது.

"நான் சரியா ஆடலையா, மாமா?"

"நல்லா ஆடறதாலதான்டா உன்னைக் கேக்கிறாங்க."

"நல்லா ஆடறேன்னா நீங்களே வச்சுக்கலாமே?"

கந்தப்பன் அதன் முதுகைத் தடவியது. "ஒரே ஒரு கோடை. ஜெயிச்சுட்டா எல்லாம் சரியாயிடும்" என்றது. என்ன சரியாகும், எப்படிச் சரியாகும் என்று அது சொல்லவில்லை. துரும்பனும் கேட்கவில்லை. ஓடையை ஒரே தாவலில் தாண்டிவிட்டது.

பங்குனி வந்தது. கந்தப்பன் போட்ட கணக்கு தப்பவில்லை. குன்று அணி ஆற்றுப்படுகையை எளிதாக வென்றது. மூங்கில்காடும் ஆற்றுப்படுகையை வென்றது. கடைசி ஆட்டம் குன்றுக்கும் மூங்கில்காட்டுக்கும்.

ஓநாய் உறுமினால் போதும், எதிரில் இருப்பவர்கள் பின்வாங்கினார்கள். கருங்குரங்கு கைநீட்டினால் இரண்டு பேரைத் தொட்டது. காட்டுப்பூனை வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் புள்ளி எடுத்தது. ஆனாலும் மூங்கில்காட்டின் குட்டிகள் விடவில்லை. முடிவில் இரு பக்கமும் புள்ளிகள் சமம். ஒரே ஒரு பாட்டு மிச்சம்.

பாடி வந்தது துரும்பன்.

"சடுகுடு சடுகுடு சடுகுடு..."

போன ஆண்டைவிட வளர்ந்திருந்தது. ஓநாயின் காலுக்கு அடியில் நுழைந்து, அதன் முழங்காலைத் தொட்டுவிட்டுக் கோட்டை நோக்கிப் பாய்ந்தது. கோட்டுக்கு ஒரு சாண் இருந்தது. அப்போது கந்தப்பன் அதன் பின்னங்காலைப் பிடித்தது.

துரும்பன் புரண்டது. மண்ணைக் கீறியது. மூச்சை விடாமல் பாடிக்கொண்டே கந்தப்பனின் முகத்தைப் பார்த்தது. அந்தக் குட்டிக்கு மூச்சடக்கிப் பாடக் கற்றுக்கொடுத்தது கந்தப்பன்தான். அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் கந்தப்பனுக்குத் தெரியும். அதுவரை பிடியைத் தளர்த்தவே இல்லை.

பாட்டு நின்றது. குன்று ஜெயித்தது.

"இப்பவாவது காலை விடுங்க, மாமா" என்றது துரும்பன்.

ஆட்டம் முடிந்தும் தான் பிடித்துக்கொண்டே இருந்ததைக் கந்தப்பன் அப்போதுதான் பார்த்தது.

அன்று மாலையே ஓநாய் கிளம்பியது. "வடக்குக் காட்டுல அடுத்த வாரம் போட்டி. கூப்பிட்டிருக்காங்க" என்றது.

"நாளைக்கு முதல் தண்ணி நமக்குத்தான். குடிச்சுட்டுப் போயேன்."

"அங்கே அருவியே இருக்கு, தலைவரே."

காட்டுப்பூனை சொல்லாமலே போய்விட்டது. குரங்கு மட்டும் அத்தி மரத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தது. பழம் தீர்ந்திருந்தது. "நல்லா கவனிச்சுக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, அதுவும் மூட்டையில்லாத பயணிபோலக் கைவீசி நடந்தது.

விடிந்தது. மூன்று பக்கத்து விலங்குகளும் ஊற்றருகே கூடின. "குன்று வரலாம்" என்று பேச்சியம்மா குரல் கொடுத்தாள்.

கந்தப்பன் முன்னால் வந்தது. அதன் பின்னால் யாரும் இல்லை. எல்லோரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். இன்னும் யாராவது வருவார்கள் என்று நினைத்தார்கள்.

"அக்கா, அந்த மூணு குட்டிகளையும் என்னோட குடிக்க விடு" என்றது கந்தப்பன். "அவங்களுக்காகத்தான் நான்..."

"நான் தடுக்கல, தம்பி. அவங்களையே கேளு."

கந்தப்பன் வரிசையைப் பார்த்தது. தாய்மானின் பக்கத்தில் மான்குட்டி நின்றது. முயல்குட்டி ஒன்பது முயல்களுக்கு நடுவில் இருந்தது. துரும்பன் முன்வரிசையில் இருந்தது.

"வாடா துரும்பா. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு."

"நீங்க குடிங்க, மாமா" என்றது துரும்பன். கோபமாகச் சொல்லவில்லை. "எங்க ஆளுங்க நிக்கிறாங்க. நாங்க அவங்க கூடவே குடிக்கிறோம்."

கந்தப்பன் குனிந்தது. உடும்புக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? மூன்று வாய் குடித்தது. நான்காவது வாய் இறங்கவில்லை. விலகி நின்று வழிவிட்டது.

மூங்கில்காட்டுக் கூட்டம் சலசலவென்று முன்னால் வந்தது. மான்குட்டி மூக்கு நனையக் குடித்தது. முயல்குட்டி குடித்தது. துரும்பன் முகத்தையே உள்ளே விட்டுக் குடித்தது. ஒரே ஓர் உடும்பு குடித்த ஊற்று கொஞ்சமும் கலங்கியிருக்கவில்லை. அடியில் கிடந்த கூழாங்கல்வரை தெரிந்தது.

அந்தக் கோடை முழுதும் கந்தப்பன் தினமும் முதலில் வந்தது. மூன்று வாய் குடித்தது. பேச ஆளில்லாத குன்றுக்குத் தனியாக ஏறிப் போனது.

யாருக்காக ஜெயிக்க நினைக்கிறோமோ அவர்களையே கொடுத்து ஒரு வெற்றியை வாங்கினால், அது கைக்கு வரும் நாளில் பங்கிட்டுக்கொள்ள ஒருவரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.