ஆறு இறங்கிய காலை

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்யட்டும், ஒரு கதை சொல்கிறேன்.

முன்னொரு காலத்தில் பூவனாற்றங்கரை நாட்டைக் குமுதசேனன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், புகழ்ந்தால் மட்டும் மயங்கிவிடுவான். அந்த ஆற்றை அளக்கிறது வேலம்மை என்பவளுடைய வேலை. விடிந்ததும் படித்துறையில் எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று எண்ணுவாள். ஓர் இலையை மிதக்கவிட்டு, ஓட்டம் வேகமா மெதுவா என்று பார்ப்பாள். அரண்மனையில் வந்து சொல்வாள்.

ஓர் ஐப்பசியில் மலைமேல் மூன்று நாளாக அடைமழை. பதினோரு படி மூழ்கிவிட்டது. மறுநாள் ஆற்றுமணலில் ராஜாவின் பிறந்தநாள் விழா. எரிச்சலில், "ஆறே, இறங்கு!" என்று கத்தினான். விடிந்து பார்த்தால் நான்கு படிதான் தண்ணீர்!

"பிரபு! ஆறே உங்கள் சொல்லுக்குப் பணிந்துவிட்டது!" என்று துள்ளினார் ஆனந்தக்கூத்தர். சபையில் ராஜாவுக்கு அடுத்த ஆசனம் அவருடையது. மணலில் பந்தல் போட்டு, சிங்காசனமும் வைத்தாயிற்று. ஊர் ஜனம் பிள்ளைகுட்டியோடு இறங்கிவிட்டது.

வேலம்மை மூச்சிரைக்கச் சபைக்கு ஓடிவந்தாள். "மகாராஜா, மலையில இன்னும் மழை விடல. தண்ணி மட்டும் இறங்குதுன்னா என்ன அர்த்தம்? இலை விட்டேன், நகரவே இல்ல. மேல மண்ணு சரிஞ்சு ஆத்தை அடைச்சிருக்கு. அது உடைஞ்சா..."

"படி எண்ணுகிறவளுக்கு மலை ரகசியமும் தெரியுமாம்!" கூத்தர் சிரித்தார். சபையும் சிரித்தது.

வேலம்மை தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்து, "ஐயா சொல்றதே சரியா இருக்கட்டும். ஆறு பணிஞ்ச சேதியை முதல்ல சொன்னவர் அவர். மகாராஜா வர்ற வரைக்கும் மணல்ல அந்தச் சிங்காசனத்துல அவரே உக்காரட்டுமே. அவருக்கு இல்லாத மரியாதையா?" என்றாள்.

"சபாஷ்! போய் உட்காரும்!" என்றான் ராஜா.

கூத்தர் முகம் வெளுத்தது. "பிரபு... எனக்கு முழங்கால் வாதம்..."

"உட்காரத்தானே சொன்னேன்?"

"மணல் ஈரம், பிரபு..."

"ஈரத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆற்றுக்கு உத்தரவு போடட்டுமா?"

கூத்தரின் கண் மலைப்பக்கமே போயிற்று. ராஜாவும் அந்தப் பக்கம் திரும்பினான். சிரிப்பு நின்றுபோயிற்று. "முரசு அடியுங்கள்! எல்லாரும் மேட்டுக்கு!"

கடைசிப் பிள்ளையைத் தூக்கிக் கரையேற்றினார்கள். அண்டா குண்டானெல்லாம் அப்படியே கிடந்தன. செக்கச்செவேலென்று வந்தது தண்ணீர், வேரோடு மரங்களைப் புரட்டிக்கொண்டு. பந்தலும் சிங்காசனமும் போன இடம் தெரியவில்லை.

ராஜா மேட்டிலிருந்து வெள்ளத்தைப் பார்த்தான். பிறகு, "நான் நம்பினதுக்கு எத்தனை பேர் போயிருப்பார்கள், வேலம்மை?" என்றான்.

"அதை எண்ணாமத் தப்பிச்சோம், மகாராஜா."

கூத்தரின் ஆசனத்தை அவளுக்குக் கொடுத்தான். கூத்தரைப் படி எண்ண அனுப்பினான். அன்றிலிருந்து வேலம்மை ஆற்றைப் பற்றிப் பேசினால் சபையில் ஒருத்தரும் சிரிக்கிறதில்லை, ராஜாவே எழுந்து நின்று... இதோ வந்துட்டேன் அத்தை, பிள்ளை முழிச்சுட்டானா, தொட்டில்ல இருந்து