மூன்றாம் வரிக்குப் பிறகு

"ஐயா, அந்த மௌனம் எவ்வளவு நேரம் இருக்கணும்?"

கேட்டவர் கஸ்தோன். கேட்கப்பட்டவர் அமெதே ரூசால்.

அமெதே பேரிக்காயின் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக இறங்கிக்கொண்டிருந்தது. அது தட்டில் விழும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிற நேரம்," என்றார்.

அவ்வளவுதான். பழத்தைத் தின்ன ஆரம்பித்துவிட்டார்.

*

பிரான்சில் பாட்டுக் கேட்கிற எவருக்கும் அமெதே ரூசாலைத் தெரியும்.

தெற்கே ஒரு துறைமுக ஊரில் பீப்பாய் செய்கிறவருக்கு மகனாகப் பிறந்தார். மீசை அரும்பிய வயதில் ஒரு கித்தாரைத் தூக்கிக்கொண்டு பாரிசுக்குப் போனார். பாட்டைத் தானே எழுதினார், தானே மெட்டுப் போட்டார், தானே பாடினார். அப்படிப்பட்ட பாடகரைக் கவிஞர் என்றே கொண்டாடுகிற நாடு அது.

ஒரு காலை நாற்காலியின் மேல் தூக்கி வைத்து, கித்தாரைத் தொடையில் சாய்த்துக்கொள்வார். கண் மட்டும் எப்போதும் கதவுப் பக்கம் இருக்கும். கூச்ச சுபாவம் என்று பத்திரிகைகள் எழுதின.

குழிவெட்டுகிறவர்கள், சலவைக்காரிகள், போலீசைக் கண்டால் சந்தில் திரும்புகிறவர்கள், தெருப்பூனைகள். அவர் பாட்டில் வந்தவர்கள் இவர்கள்தான். அரசாங்கம் ஒரு பதக்கம் கொடுக்க வந்தபோது, "என் கோட்டுத் துணி மெலிசு, குத்தினால் கிழிந்துவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்போது பிறந்த ஊருக்கே திரும்பி வந்திருந்தார். நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. பேசலாம், பாடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

*

குருவைவிடச் சீடருக்கு மூன்று வயது அதிகம்.

கஸ்தோன் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் கித்தாரோடு வந்து அமெதேயின் கதவைத் தட்டினார்.

"உங்க பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம், ஐயா. ஆனா பாட வரலை. சொல்லிக் குடுங்க."

"இவ்வளவு நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"டிக்கெட் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"டிக்கெட் இல்லாதவங்களை?"

கஸ்தோனுக்குப் பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

"பாதிப் பேரை இறக்கிவிட்டிருக்கேன்."

"மீதிப் பேரை?"

"பார்க்காத மாதிரி அடுத்த பெட்டிக்குப் போயிடுவேன்."

"உள்ளே வாங்க அண்ணே," என்றார் அமெதே.

அன்றிலிருந்து குரு சீடரை அண்ணே என்றார். சீடர் குருவை ஐயா என்றார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

*

அந்த ஆண்டு, ஊரில் புதிதாக ஒரு அரங்கம் கட்டி அதற்கு அமெதேயின் பெயரை வைத்தார்கள். திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை மாலை. மேயர் வீட்டுக்கே வந்தார்.

"உங்களுடைய அந்தச் சட்டைப் பாட்டோடு விழாவைத் தொடங்குறோம். நீங்க பாட முடியாதுன்னு தெரியும். இசைத்தட்டைப் போட்டுடறோம். அதுல எல்லாம் சுத்தமா இருக்கு."

அமெதே சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே கஸ்தோன் காப்பி கலந்துகொண்டிருந்தார்.

"அண்ணன் பாடட்டும்."

மேயர் குரலைத் தாழ்த்தினார். "அவரா? அவர் என்னை ஒருதடவை ரயில்லேர்ந்து இறக்கிவிட்டிருக்கார்."

"சரியா வந்தா, நான் போன பிறகும் அண்ணன் பாடட்டும். அவருக்கப்புறம் வேற யாராவது பாடட்டும். சரியா வரலைன்னா இந்தப் பாட்டை இனிமே யாரும் பாட வேண்டாம். இசைத்தட்டே போதும்."

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

*

மற்ற பாட்டுகள் எல்லாம் கஸ்தோனுக்குப் படிந்துவிட்டன. இந்த ஒன்றுதான் படியவில்லை.

சின்னப் பாட்டு. போருக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் வீடு. இப்படித் தொடங்கும்:

அப்பாவின் சட்டை கொடியில் ஆடுது,
காற்று நுழைந்து கையிரண்டும் வளருது,
வாசலில் யாரோ கால் துடைக்கும் சத்தம்.

இங்கே அமெதே நிறுத்துவார். கித்தாரும் நிற்கும். அரங்கம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு நான்காவது வரி வரும்:

பக்கத்து வீட்டார். உப்புக் கேட்டு வந்தார்.

அந்த மௌனத்தைப் பற்றி எழுதாத ஆளில்லை. அதுதான் இறந்தவரின் குரல் என்றார் ஒருவர். அதுதான் கடவுள் என்றார் இன்னொருவர். கடவுளே இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது என்றார் மூன்றாமவர்.

கஸ்தோன் பழைய ரயில்வே கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு எல்லா இசைத்தட்டுகளையும் போட்டுப் பார்த்தார். ஒன்றில் இருந்த நேரம் மற்றதில் இல்லை. சில தட்டுகளில் குட்டை, சிலவற்றில் நீளம். கடைசியாக வந்த தட்டுகளிலோ மௌனம் நீண்டுகொண்டே போயிற்று.

எதைப் பின்பற்றுவது?

நாற்காலி இழுக்கிற நேரம் என்று குரு சொல்லிவிட்டார் அல்லவா? வீட்டுக்குப் போய் நாற்காலியை இழுத்தார். வேகமாக, மெதுவாக, குஷன் போட்டு, குஷன் இல்லாமல். கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள்.

"கஸ்தோன்! வீடு மாத்தறதா இருந்தா ஒரேயடியா மாத்தித் தொலையும்!"

*

மறுநாள் வேறு விதமாகக் கேட்டார்.

"ஐயா, அந்த மௌனத்தில நீங்க என்ன நினைச்சுப்பீங்க?"

"யார் முழங்காலும் இடிபடக் கூடாதேன்னு."

கஸ்தோனுக்குக் கோபம் வந்தது. வயதில் மூத்தவர் இல்லையா, வரத்தான் செய்யும்.

"நான் பாட்டைக் கேட்கறேன், நீங்க முழங்காலைச் சொல்றீங்க. ஞாயித்துக்கிழமை அத்தனை பேர் முன்னாடி நிக்கப்போறது நான். நான் கெடுத்தா இந்தப் பாட்டு இனிமே யார் வாயிலும் இருக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பயமா இருக்கு. இதை வெச்சு விளையாடாதீங்க."

அமெதே எழுந்தார். எழுவதற்கே மூச்சு வாங்கியது.

"நாற்காலியெல்லாம் கொண்டாங்க அண்ணே."

கூடத்தில் இருந்தவை, படுக்கையறையில் இருந்தவை, தோட்டத்தில் நனைந்து கிடந்தவை எல்லாம் சமையலறைக்கு வந்தன. ஒன்றை ஒன்று இடிக்கும்படி நெருக்கிப் போடச் சொன்னார். அடுப்புக்குப் பக்கத்தில் தான் நின்றுகொண்டார்.

"பாரிசில் நான் முதல்முதலா பாடின இடம். நீலச் சேவல்னு பேர். இவ்வளவுதான் இருக்கும். நான் நிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கதவு. யார் வந்தாலும் எனக்கும் முன்வரிசைக்கும் நடுவிலதான் நுழைஞ்சு போகணும். மழை பெஞ்சா நனைஞ்ச கம்பளிக் கோட்டு நாத்தம். ஒரு பூனை இருந்துச்சு, பியானோ மேலேர்ந்து இறங்காது."

அவர் முகம் இளமையாகிவிட்டது. கஸ்தோன் கோபத்தை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாதா கோவில் மணி அடிச்சா நான் ஆரம்பிப்பேன். சட்டைப் பாட்டுதான் முதல்ல. அதே மணிக்குத்தான் அடுத்த தெருவில சலவைக்கடையை மூடுவாங்க. நீங்க வெளியே போங்க. கதவைச் சாத்துங்க. நான் மூணாவது வரி சொல்றப்போ உள்ளே வந்து, அதோ, அந்த மூலை நாற்காலியில உட்காருங்க."

கஸ்தோன் வெளியே போய் நின்றார். உள்ளே அமெதே பாட்டைப் பேசுகிற மாதிரி சொன்னார். சட்டை ஆடியது. கை வளர்ந்தது. கால் துடைக்கும் சத்தம் வந்தது.

கஸ்தோன் கதவைத் திறந்தார். நாற்காலிகளுக்கு நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தார். ஒரு நாற்காலிக் கால் தடுக்கியது. மேசை முனை முழங்காலில் இடித்தது. "மன்னிக்கணும்" என்று காலி நாற்காலியிடம் சொன்னார். மூலைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அமெதே அதுவரை வாயைத் திறக்கவில்லை. அவர் உட்கார்ந்ததும் சொன்னார்:

"பக்கத்து வீட்டார். உப்புக் கேட்டு வந்தார்."

கஸ்தோன் எழுந்திருக்கவில்லை.

"யாரு ஐயா?"

"லெயோனி. இஸ்திரி போடறவ. தெனமும் இதே இடத்திலதான் உள்ளே வருவா. கஞ்சி வாசனையும் கூடவே வரும். முதல் மூணு வரி என்னன்னு ரொம்ப நாள் வரைக்கும் அவளுக்குத் தெரியாது."

லெயோனி என்பது அமெதேயின் மனைவி பெயர். அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

கஸ்தோன் கடைசி இசைத்தட்டுகளை நினைத்துக்கொண்டார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அவங்க போன பிறகும் நிறுத்தினீங்களே. முன்னைவிட நீளமா."

"அவ உட்கார்ந்தாச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும், அண்ணே?"

*

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிரம்பியிருந்தது.

முன்வரிசையில் அமெதே. பக்கத்தில் மேயர். மேடை ஓரத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று, இசைத்தட்டைத் தயாராக வைத்துக்கொண்டு ஓர் ஆள்.

கஸ்தோன் நாற்காலியில் ஒரு காலைத் தூக்கி வைத்தார். மனதில் ஒரு தெம்பு இருந்தது. இப்போது அவருக்கு ரகசியம் தெரியும். மௌனம் வந்ததும் லெயோனியை நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் வந்து உட்காரும்வரை காத்திருக்க வேண்டும்.

பாடினார். சட்டை ஆடியது. கை வளர்ந்தது. வாசலில் கால் துடைக்கும் சத்தம்.

நிறுத்தினார்.

லெயோனியைக் கூப்பிட்டார். வரவில்லை. அவர் முகத்தைக்கூடக் கஸ்தோன் பார்த்ததில்லை. கஞ்சி வாசனை எப்படி இருக்கும் என்று யோசித்தார். சமையலறையில் இடித்த முழங்கால்தான் நினைவுக்கு வந்தது. இது அமெதேயின் காத்திருப்பு. தனக்கு இதில் யாரும் இல்லை.

போதும், நான்காவது வரிக்குப் போய்விடலாம் என்று மூச்சை இழுத்தார்.

அப்போது பின்கதவு திறந்தது.

ஒரு பருமனான ஆள். ஒரு காலில் மாவுக்கட்டு. அக்குளில் ஊன்றுகோல். வாசல் காவலர் அவர் சட்டையைப் பிடித்தார்.

"பாட்டு நடக்குதுங்க. முடியட்டும்."

"எங்கே நடக்குது? ஒரு சத்தத்தையும் காணோமே," என்றார் வந்தவர். கையை விடுவித்துக்கொண்டு வரிசைக்குள் நுழைந்தார்.

நூறு பேர் உஸ் என்றார்கள். அவர் இடமோ நட்டநடுவில். ஒவ்வொருவராகக் காலை மடக்கினார்கள். யாரோ ஒருவர் மடக்கவில்லை. ஊன்றுகோல் நழுவி, மேடைப் பக்கம் சரிந்திருந்த தரையில் உருண்டது.

கஸ்தோனின் வாயில் நான்காவது வரி தயாராக இருந்தது. எந்த இசைத்தட்டின் கணக்கிலும் நேரம் கடந்துவிட்டது. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், கிழவருக்கு வரி மறந்துவிட்டது என்று யாரோ சொன்னது மேடைவரை கேட்டது.

கஸ்தோன் வாயை மூடிக்கொண்டார்.

மேயர் கையைத் தூக்கினார். இசைத்தட்டுக்காரர் குனிந்தார்.

அமெதே அவர் சட்டைக் கையின் நுனியைப் பிடித்து, தூக்கிய கையைக் கீழே இழுத்தார். திரும்பிப் பார்க்காமலே இழுத்தார். காதை மட்டும் பின்பக்கம் சாய்த்து வைத்திருந்தார்.

ஊன்றுகோல் கைமாறிக் கைமாறி மேலே போய்ச் சேர்ந்தது.

கஸ்தோன் கித்தாரின் மேல் கையைச் சாய்த்துக்கொண்டு, விளக்கு கண்ணைக் கூசாமலிருக்க இன்னொரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"உட்கார்ந்துட்டீங்களா?"

"இந்தக் கால் ஒண்ணு இருக்கு."

"மெதுவா."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. இருட்டுக்குள்ளிருந்து பெருமூச்சோடு குரல் வந்தது.

"நான் உட்கார்ந்தாச்சுங்க. நீங்க பாடறதுதான் பாக்கி."