பாவாயியின் குணநலன்களை விளக்குக

"அவளை மன்னிக்க முடியலைங்க சாமி" என்றார் சென்னியப்ப வாத்தியார்.

"யாரை?"

"என் சம்சாரத்தை."

சம்சாரம் பாவாயி போய்ச் சேர்ந்துவிட்டாள். மறுநாள் ஊர் மடத்தில் கருமாதி.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். கருமாதியன்று, செத்தவரின் கதையை உரிமைப்பட்டவர் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். நடந்ததை மட்டும்தான் சொல்லலாம். குணத்தைச் சொல்லக் கூடாது. அது கேட்கிறவர்கள் பாடு. வாய் தவறினால் கிணற்றில் ஒரு குடம் சேந்தி வந்து தொட்டியில் ஊற்ற வேண்டும்.

அந்தத் தொட்டி வற்றியதே இல்லை. மனுஷ வாய் அப்படி.

வாத்தியாரின் மகள் கோகிலம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "நாளைக்கும் அம்மாவைப் பத்தி அந்தப் பழைய பாட்டையே பாடினீங்கன்னா, இனி உங்க வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

மிச்சம் இருந்தது அந்த ஒரு மகள்தான். அதனால்தான் கதையை ஒருதரம் சொல்லிப் பார்க்க, மடத்து மரகதச் சாமியிடம் வந்திருந்தார். சாமி பெண் துறவி. வாத்தியாரைவிட ரொம்ப இளையவர்.

"சரி, கதையைச் சொல்லுங்க பெரியவரே."

"பாவாயி ஒரு சோம்பேறி."

சாமி கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

வாத்தியார் போனார், சேந்தினார், ஊற்றினார், வந்து உட்கார்ந்தார்.

"அவ ஒரு அழுத்தக்காரி."

சாமி மறுபடி கையைக் காட்டினார்.

பாவம், அவரும் என்ன செய்வார். காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கதைப் பாடம் நடத்தியவர். 'இக்கதைமாந்தரின் குணநலன்களை விளக்குக' என்று கேட்டுக் கேட்டே நாக்கு தேய்ந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெறலாம், வாத்தியார் புத்தியிலிருந்து ஓய்வு ஏது?

"குணத்தைச் சொல்லலைங்க. மையக்கருத்தை மட்டும் சொல்றேன். பிடிவாதம் குடும்பத்தைக் கெடுக்கும்."

இந்தத் தடவை சாமி கையைக்கூடத் தூக்கவில்லை. வாத்தியாரே எழுந்து போனார்.

திரும்பி வந்தபோது வேட்டி நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"அவங்க என்ன செஞ்சாங்க?" என்றார் சாமி. "அதைச் சொல்லுங்க."

"ராத்திரிச் சோறு நேரத்துக்கு வராதுங்க."

"எந்நாளுமா?"

"லீவு நாள்ல வந்துரும். பள்ளிக்கூட நாள்ல வராது."

"பள்ளிக்கூட நாள்ல நீங்க என்ன செய்வீங்க?"

"மறுநாள் நடத்த வேண்டிய கதையைச் சத்தமா வாசிச்சுப் பார்ப்பேன். நான் புத்தகத்தை மூடி வெச்ச பின்னாடிதான் அவ உலையே வெப்பா. பசி உயிர் போகும்."

"பேசவும் மாட்டாங்களா?"

"கல்யாணமான புதுசுல பேசுவா. ஒருநாள் நான் வாசிக்கறப்ப பக்கத்துல வந்து உக்காந்தா. அந்தக் கதையில ஒருத்தன் தேங்காய் திருடுவான். பேராசைக்காரன்னு நான் குறிச்சு வெச்சிருந்தேன். இவ சொல்றா, 'அவன் பேராசைக்காரன் இல்லீங்க. பொண்டாட்டி கேட்டதை வாங்கித் தர முடியலைன்னு வெக்கப்பட்டவன்.'"

"நீங்க?"

"சிரிச்சேன்."

"அப்புறம்?"

"வீட்டுக்கு வந்த மத்த வாத்தியாருங்ககிட்டச் சொன்னேன். எங்க வீட்டுப் புலவரைப் பாருங்கன்னேன். அவங்களும் சிரிச்சாங்க. அவ அப்பத்தான் காப்பி கொண்டுவந்து நின்னுட்டிருந்தா."

வாத்தியார் நனைந்த வேட்டி நுனியைப் பிழிந்துவிட்டுக்கொண்டார்.

"அதுக்கப்புறம் பக்கத்துல வந்து உக்காரலைங்க. பேச்சும் கொறைஞ்சு போச்சு."

"நீங்க வாசிக்கறப்ப எங்க இருப்பாங்க?"

"அடுப்படியில."

"என்ன செஞ்சுக்கிட்டு?"

வாத்தியார் வாயைத் திறந்தார். ஒரு சொல் வந்தது, அதை விழுங்கினார்.

"ஒண்ணும் செய்ய மாட்டா சாமி. அம்மிச் சத்தம் கேக்காது. பாத்திரச் சத்தம் கேக்காது. கதவுக்கு அந்தப் பக்கம் சேலைத் தலைப்பு மட்டும் தெரியும். நான் வாசிச்சு முடிக்கற வரைக்கும் அசையாது."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு அழுதார். அந்த வயதில் அழுவதற்கு அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அழுதார்.

அவர் கண்ணைத் துடைத்ததும் சாமி கேட்டார்.

"நாளைக்கு மகளுக்கு இதைச் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன். ஆனா கதை அதோட முடியலைங்களே."

"மிச்சத்தையும் சொல்லுங்க."

"ரிட்டயர் ஆனேன். அப்புறம் எதுக்கு வாசிக்கணும்? விட்டுட்டேன். அவ ஒண்ணும் கேக்கலை. அன்னியிலிருந்து சோறு நேரத்துக்கு வந்துச்சு."

"சரி."

"ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டே சொன்னேன். 'பரவால்லையே பாவாயி, வயசான காலத்துலயாவது திருந்திட்டியே'ன்னு."

"அவங்க என்ன செஞ்சாங்க?"

"இன்னொரு கரண்டி சோறு வெச்சா."