ஊற்றுத் தண்ணீர்

கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம் இருந்த மலையின் அடிவாரத்தில் அருளம்மையின் மடம் இருந்தது. அங்கே சீடராக வந்து சேர்ந்த மாசிலாமணி குருவைவிட வயதில் மூத்தவர்.

மலையில் ஊர்க்காரர்கள் திருட்டுத்தனமாகக் குழி தோண்டினார்கள். கல்லை இடித்து, பாதரசம் விட்டுப் பொன் பிரித்தார்கள். கழுவிய நீரெல்லாம் ஓடையில் கலந்தது. ஊரே குடித்ததும் அந்த ஓடைத் தண்ணீரைத்தான்.

மாசிலாமணி வீடு வீடாகப் போய், "ஓடையில் விஷம் கலக்கிறது" என்று சொல்லிப் பார்த்தார்.

"வெறும் சேறுதான் சாமி. ஒரு மழை பேஞ்சா தெளிஞ்சிரும்" என்றார்கள். சிலர் பேச்சை மாற்றினார்கள். சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

களைத்துப்போய்க் குருவின் முன் உட்கார்ந்தார்.

"கண்ணெதிரே இருப்பது இவர்களுக்கு ஏன் தெரியவில்லை, அம்மா?"

"நாளைக்கு எதுவும் சொல்லாதீர்கள். குடிக்கத் தண்ணீர் மட்டும் கேளுங்கள்" என்றார் அருளம்மை.

மறுநாள் பேச்சி என்பவளின் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். குழிவேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், வாசலில் இருந்த குடத்துக்குள் சொம்பை விடப் போனாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். உள்ளே போய்ச் சின்னப் பானை ஒன்றை எடுத்துவந்து ஊற்றினாள்.

"மலைக்கு அந்தப் பக்கத்து ஊத்துத் தண்ணி, சாமி. பாப்பாவுக்கு வயிறு சரியில்ல. வேலைக்குப் போறதுக்குள்ள அவளுக்குன்னு இவ்வளவுதான் சுமந்துட்டு வர முடியுது. பரவால்ல, நீங்க குடிங்க."

அவர் குடித்து முடித்தார்.

"அப்படியானால் உனக்குத் தெரியும். நான் வந்து சொன்னபோது ஏனம்மா சேறு என்றாய்?"

பேச்சி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியும்னு வாயால சொல்லிட்டா, அப்புறம் அந்தக் குழிக்குள்ள எப்படி சாமி இறங்குறது?"

மாசிலாமணி வேகமாக மடத்துக்குத் திரும்பினார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அவர்களுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது, அம்மா. தெரிந்துகொண்டே பொய் சொல்கிறார்கள். இனி நான் அவர்களிடம் என்னதான் பேசுவது?"

அருளம்மை திருப்பிக் கேட்டார்.

"அவள் கொடுத்ததைக் குடித்தீர்களா?"

"குடித்தேன். நல்ல தாகம். பானையே காலியாகிவிட்டது."

"அப்படியானால், அந்தப் பாப்பா இன்றைக்கு எதைக் குடிப்பாள்?"